தலையைத் தூக்கினால் வாசனை!

உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு பீங்கான் பொம்மை. கையில் கிளியோடு நிற்கும் சீமாட்டி என்று வைத்துக்கொள்ளுங்கள். மெல்லத் தூக்கினால் தலை தனியே வந்துவிடும்! பயப்படாதீர்கள், தலைதான் மூடி. உள்ளே இருப்பது வாசனைத் திரவியம்.

1750களில் லண்டனின் செல்சீ பகுதியில் ஒரு தொழிற்சாலையில் இப்படிப்பட்ட குப்பிகள் செய்தார்கள். அந்தத் தொழிற்சாலையை நடத்திய நிக்கோலஸ் ஸ்பிரிமோன்ட் வெள்ளிப் பாத்திரம் செய்யும் கலைஞர். அதே நகரில் சார்லஸ் கூயன் என்ற நகை வியாபாரியும் செய்து விற்றார். மன்மதன், கோமாளி, பழம், பூங்கொத்து என்று எத்தனையோ உருவங்கள். பலவற்றில் காதல் வாசகம் பிரெஞ்சில் இருக்கும், எழுத்துப்பிழைகளோடு!

சரி, இத்தனை சிறிய பொம்மைக்குள் குழி எப்படி வந்தது? யாரும் குடையவில்லை. வேலையைச் செய்தது தண்ணீர்தான். நைஸான வெள்ளைக் களிமண்ணோடு கண்ணாடிப் பொடியைச் சேர்த்து, பால்போலக் கரைத்துக்கொள்வார்கள். அதைப் பாரிஸ் சாந்தில் செய்த அச்சுக்குள் ஊற்றுவார்கள். காய்ந்த பாரிஸ் சாந்து முழுக்க நுண்துளைகள். அவை தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, அச்சின் சுவரை ஒட்டிக் களிமண் படியும். போதிய கனம் வந்ததும் நடுவில் மிச்சமிருக்கும் கரைசலைக் கவிழ்த்துவிட்டால் உள்ளே வெற்றிடம். படிந்த களிமண் உலரும்போது கொஞ்சம் சுருங்கும். அதனால் அச்சைவிட்டுத் தானே விலகிவிடும்.

பிறகு சூளை. சுட்ட மண்பானையின் துளைகள் வழியே நீர் கசிவதால்தானே பானைத் தண்ணீர் குளிர்கிறது? ஆல்கஹாலில் கரைத்த வாசனைத் திரவியத்தை அப்படிக் கசியவிட்டால் குப்பி சீக்கிரமே காலி! பீங்கானில் இந்த வம்பு இல்லை. சூட்டில் உருகும் கண்ணாடி, துளைகளை அடைத்துவிடுகிறது. மேலே பூசும் பளபளப்புப் பூச்சும் ஒருவகைக் கண்ணாடிதான்.

எனக்கு மிகவும் பிடித்தது வண்ணவேலை. சூளைச் சூட்டில் இலைச்சாறும் பூச்சாறும் கருகிவிடும். அதனால் உலோகங்களை நாடினார்கள். நீலத்துக்குக் கோபால்ட், பச்சைக்குத் தாமிரம். ரோஜா நிறத்துக்கு? தங்கம்! தங்கத்தை இராஜ திராவகம் என்ற அமிலக் கலவையில் கரைத்து, வெள்ளீயக் கரைசல் சேர்த்தால் ஊதாநிறப் பொடி படியும். கண்ணுக்கே தெரியாத அந்தத் தங்கத் துணுக்குகள் பச்சை ஒளியை விழுங்குவதால் நமக்குச் சிவப்பு தெரிகிறது. குப்பியின் கழுத்து வளையத்தில் மஞ்சளாக மின்னுவதும், சீமாட்டியின் பாவாடையில் ரோஜா நிறமாகத் தெரிவதும் தங்கம்தான்.