காரை உயர்த்தும் கருவி

திருவண்ணாமலையில் கார்த்திகைத் தீபப் பெருவிழாவின் ஏழாம் நாளன்று விநாயகர், முருகர், அண்ணாமலையார், அம்மன், சண்டிகேசுவரர் ஆகியோர்க்குரிய ஐந்து தேர்களும் மாட வீதிகளை வலம் வருவது யாவரும் அறிந்ததே. பெரிய தேர் அசையுங்கால் வடம் பிடிப்போரையே மக்கள் நோக்குவர். சக்கரத்தின் அருகே முட்டுக்கட்டையைக் கையிற் கொண்டு குனிந்து நடக்கும் சிலரை நோக்குவார் அரியர். ஆயினும், தேர் வேண்டியவிடத்துத் திரும்புவதும் வேண்டியவிடத்து நிற்பதும் அச்சிலர் கையிலேயே உள்ளன. பெரும் பாரத்தை அசைப்பது ஒரு தொழில். அசைந்ததனை நிலைபெற நிறுத்துவது மற்றொரு தொழில். இவ்விரண்டினையும் ஒன்றென மயங்குவோர்க்கு நேரும் இடர் பெரிது. அவ்வுண்மையை நம் வீட்டு வாயிலில் நிற்கும் மோட்டார்க் காரின்கண் பொருத்திக் காட்டுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஆங்கிலேயர் தேரினையும் ‘கார்’ என்றே வழங்கினர். தேரோடும் வீதிகள் பல அதனாலேயே ‘கார் ஸ்ட்ரீட்’ எனப் பெயர் பெற்றன. இக்காலத்து அவ்வீதிகளில் நாடோறும் ஓடுவன வேறு கார்கள். பௌர்ணமிதோறும் மலைவலம் வரும் அன்பர்களை ஏற்றி வருவனவும், வாடகைக்கு ஓடி ஒரு குடும்பத்தைக் காப்பனவும் அவற்றுட் பல. இத்தகைய கார்களை உடையோர் சக்கரம் மாற்றுதல், பிரேக்கைச் சோதித்தல், எண்ணெய் மாற்றுதல் முதலிய சிறு பணிகளைப் பொருட்செலவு கருதி வீட்டிலேயே செய்துகொள்ள விரும்புகின்றனர். அதற்கு முதற்கண் வேண்டுவது காரை உயர்த்தும் ஜாக்கி. அதனைத் தேர்ந்தெடுக்கும் முறை யாது?

ஜாக்கிகள் பெரும்பாலும் மூவகைப்படும். காரோடு உடன் வருவது கத்தரி ஜாக்கி. திருகினைச் சுழற்ற, கத்தரியின் கைகள் போல் அது விரிந்தெழும். வழியிடைச் சக்கரம் பஞ்சரானவிடத்து, ஸ்டெப்னியை மாட்டுமளவும் சிறிது நேரம் காரைத் தூக்கி நிற்றற்கென்றே அஃது அமைந்தது. லாரி ஓட்டுவோர் வைத்திருக்கும் பாட்டில் ஜாக்கி இரண்டாவது. உருவிற் சிறிதாயினும் ஆற்றல் மிக்கது, ஆனால் நெட்டுக்குத்தாய் நிற்பதாகலின் தாழ்ந்த கார்களின் கீழ் நுழையாது, அடியும் குறுகியது. மூன்றாவது, நான்கு சிறு சக்கரங்களும் நீண்ட கைப்பிடியும் உடைய தரை ஜாக்கி. கடைக்காரர் டிராலி ஜாக்கி என்பர். தாழ்வாய் நுழைந்து, அகன்ற அடியால் உறுதிபெற நின்று உயர்த்துதலின், வீட்டுப் பணிக்கு இம்மூன்றாவதே தக்கது.

இதன் இயக்கத்தை அறிந்தாலன்றித் தேர்ந்தெடுக்கும் முறை விளங்காது. அடைபட்ட நீர்மத்தின் ஓரிடத்திற் செலுத்திய அழுத்தம் குறையாமல் எவ்விடத்தும் பரவும் என்னும் விதியைப் பதினேழாம் நூற்றாண்டில் கண்டுணர்த்தியவர் பிரெஞ்சு நாட்டுப் பாஸ்கல் என்பார். அவ்விதியைக் கொண்டு இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் பெரும் அழுத்தப் பொறிக்கு உரிமை பெற்றார். கையால் எடுத்துச் செல்லத்தக்க ஜாக்கியாக அதனை அமைத்து நியூயார்க்கில் ரிச்சர்டு டட்ஜன் உரிமை பெற்றது 1851-இல்.

ஒரு கணக்கினைக் காண்போம். கைப்பிடி நெம்புகோலாய் நின்று நம் விசையை இருபது மடங்காக்குகின்றது என்க. எண்ணெயைத் தள்ளும் சிறு தண்டின் விட்டம் 1 செ.மீ.; அவ்வெண்ணெயால் தள்ளப்படும் பெருந்தண்டின் விட்டம் 4 செ.மீ. எனின், பரப்பு 16 மடங்காகும். ஒருவன் 20 கிலோ எடையளவு அழுத்தின், சிறு தண்டில் 400 கிலோவும், பெருந்தண்டில் 6,400 கிலோவும் ஆகும். ஆயின், தரை ஜாக்கியில் பெருந்தண்டு காரை நேரே தாங்குவதில்லை. நீண்டதொரு கையினைத் தள்ள, அக்கையே காரை உயர்த்துகின்றது. அதனால் விசை ஐந்திலொன்றாகக் குறைந்தாலும், உராய்வினை நீக்கிப் பார்க்குமிடத்து, 1,280 கிலோ எழும். இருபது கிலோ அழுத்தத்திற்கு அறுபத்துநான்கு மடங்கு பயன்!

இயற்கை எதனையும் விலையின்றித் தருவதில்லை. விசையில் அறுபத்துநான்கு மடங்கு பெற்றால், தூரத்தில் அறுபத்துநான்கு மடங்கு இழத்தல் வேண்டும். கை ஒருமுறை 40 செ.மீ. இறங்கினால் கார் ஏறுவது 6 மில்லிமீட்டர் அளவே. 20 செ.மீ. உயர்த்த முப்பது முறைக்கு மேல் அழுத்த வேண்டும். இவ்வாறு மெல்ல மெல்ல ஏற்றிய பாரம் முழுவதும் இறுதியில் எதன்மேல் நிற்கின்றது? உருளையினுள் அடைபட்ட சிறிதளவு எண்ணெயின்மேலும், அவ்வெண்ணெய் கசியாது காக்கும் சிறு வளையத்தின்மேலும் நிற்கின்றது. வளையம் தேய்ந்தாலோ, இறக்கும் திருகு சிறிது நெகிழ்ந்தாலோ, கார் இறங்கிவிடும். இவ்வொன்றினை மறவாதிருத்தல் வேண்டும்.

இதே விதி தேருக்கும் துணைபுரிந்துள்ளது. திருவாரூர் ஆழித்தேரின் சக்கரங்களுக்குத் திருச்சிராப்பள்ளி பெல் நிறுவனத்தார் எண்ணெய் அழுத்தத்தால் இயங்கும் பிரேக்குகளை அமைத்துள்ளனர். ஆயினும் ஆங்கு முட்டுக்கட்டை ஒழிந்துவிடவில்லை. புதுப்பொறி வந்த பின்னரும் மரக்கட்டையைக் கைவிடாத அவ்வறிவு நாம் கொள்ளத்தக்கது.

இனி, தேரும் முறைக்கு வருவோம். திருவள்ளுவர் வலியறிதல் என்னும் அதிகாரத்தில், ஒரு செயலில் இறங்குமுன் ஆராயவேண்டிய வலிமைகள் நான்கெனக் கூறி, மிகுதியாய் ஏற்றிய பாரத்தால் வண்டியின் அச்சு முறிதலையும் உவமையாக எடுத்துக்காட்டினார். அம்முறையைப் பின்பற்றி, ஈண்டும் பாரம், உயரம், தரை, துணை என்னும் நான்கினை ஆராய்தல் தகும்.

முதலாவது பாரம். சிறு கார்கள் ஏறத்தாழ 750 முதல் 950 கிலோ எடையுள்ளன. ஏழெட்டுப் பேர் அமரும் பெரிய வண்டிகள் சில 1,600 கிலோவினும் மிகும். ஒரு சக்கரத்தையோ ஒரு பக்கத்தையோ உயர்த்துங்கால் முழு எடையும் ஜாக்கியின் மேல் வாராது என்பது உண்மையே. எனினும், எஞ்சின் முன்புறம் இருத்தலின் முன்பகுதி பாதிக்கு மேல் கனக்கும். வண்டியினுள் பொருள்களும் இருக்கும். ஆதலால், காரின் முழு எடைக்குக் குறையாத ஆற்றலுடைய ஜாக்கியைக் கொள்ளுதல் நெறி. சிறு கார்க்கு 2 டன் போதும். பெரிய வண்டிக்கு 3 டன் நன்று. பெரிதே நன்றென எண்ணி எல்லாரும் 3 டன் வாங்குதலும் வேண்டா. உறுதியான 3 டன் ஜாக்கிகளுட் பல 30 கிலோ அளவு கனப்பன. தன்னால் எடுத்து வைக்க இயலாத கருவியை வாங்கியவன் அதனை மூலையிற் போட்டுவிட்டு, மீண்டும் கத்தரி ஜாக்கியையே நாடுவான்.

இரண்டாவது உயரம். இதனை இரண்டிடத்து அளத்தல் வேண்டும். மடங்கிய நிலையில் ஜாக்கி காரின்கீழ் நுழையவேண்டும். விரிந்த நிலையில் வேண்டிய அளவு உயர்த்தவேண்டும். சாதாரண தரை ஜாக்கி மடங்கிய நிலையில் 13 அல்லது 14 செ.மீ. இருக்கும். நன்னிலையில் உள்ள காரின்கீழ் அது நுழையலாம். சக்கரத்தில் காற்றிறங்கிக் கார் தாழ்ந்தபோது நுழையாது. ஜாக்கி மிகவும் வேண்டப்படுவதோ அப்பொழுதுதான். ஆதலின், கடைக்குச் செல்லுமுன் காரின் அடிவிளிம்பில் ஜாக்கி வைக்கும் இடத்தினை அளந்து, காற்றிறங்கினால் தாழும் அளவினையும் கழித்துக்கொள்க. தாழ்ந்த கார்களுக்கென 9 செ.மீ. அளவிற்குத் தாழும் ஜாக்கிகளும் உள. மேலுயரத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். காரின் உடல் உயர்ந்தவுடன் சக்கரம் உயர்வதில்லை. வில்லமைப்பு நீண்டு முடியும்வரை சக்கரம் தரையிலேயே நிற்கும். ஆதலால், கணக்கிற்கு மேலும் சில செ.மீ. உயரும் ஜாக்கியே பயன்படும்.

மூன்றாவது தரை. மணலின்மேல் வீடு கட்டியவனைப் பற்றிய உவமையை நம் கல்லூரியில் அறியாதார் இலர். அவ்வுவமை ஈண்டும் பொருந்தும். தரை ஜாக்கியின் கை வட்டத்தின் ஒரு பகுதி போல் வளைந்து எழுகின்றது. ஆதலால் காரைத் தாங்கும் தட்டு மேலேறுங்காலே சிறிது பின்னும் நகர்கின்றது. அந்நகர்விற்கு ஈடாக ஜாக்கி முழுவதும் முன்னே உருளல் வேண்டும். அதற்காகவே அதற்குச் சக்கரம் வைத்தனர். செம்மண் முற்றத்திலோ சரளையிலோ சக்கரம் புதைந்து உருளாதாயின், தட்டு காரின் அடியினின்று வழுக்கும். அல்லது காரையே இழுக்கும். கடப்பைக்கல் பரப்பிய வாயிலில் சிறு இரும்புச் சக்கரத்தின் பாரம் தாங்காது கல் வெடித்தலும் உண்டு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தார்ச் சாலை இளகும் என்பதனையும் எண்ணுக. சமமான சிமெண்டுத் தரையே சிறந்தது. அஃதில்லாதவிடத்து, ஜாக்கி உருளத் தக்க நீளமும் அகலமும் உடைய கனத்த இரும்புத் தகட்டினைக் கீழே பரப்புக. சாய்வான நிலத்தில் காரை உயர்த்தவே கூடாது.

நான்காவது துணை. இதுவே தலையாயது. ஜாக்கி உயர்த்துதற்கு உரியது. தாங்கி நிற்றற்கு உரியதன்று. தாங்குதற்கென ஜாக் ஸ்டாண்டு என்னும் இரும்புக் கால்கள் இரண்டிரண்டாக விற்கப்படுகின்றன. அவற்றில் எண்ணெயும் இல்லை, கசிவும் இல்லை. பற்களாலோ குறுக்கு ஊசியாலோ உயரம் நிலைநிறுத்தப்படும். காரை உயர்த்தியவுடன் இக்கால்களை அதன் உறுதியான அடிப்பகுதியில் பொருத்தி, பாரம் அவற்றின்மேல் அமருமாறு ஜாக்கியை மெல்ல இறக்கி, காரைக் கையால் அசைத்துப் பார்த்த பின்னரே கீழே நுழைதல் வேண்டும். ஜாக்கி ஒன்றினையே வாங்கிக் கால்களை வாங்காது மீள்வோன் கருவியிற் பாதியையே வாங்கினான் எனலாம்.

கால்களுக்கு ஈடாகச் செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் அடுக்கி வைப்பாரைத் தெருக்களிற் காண்கின்றோம். சுவரில் பலவாய் இணைந்து பாரத்தைப் பகிர்ந்து நிற்கும் கல், காரின் கூரிய விளிம்பு ஓரிடத்தில் அழுத்துங்கால் முன்னறிவிப்பின்றிப் பிளந்துவிடும். இரும்புக் காலும் குற்றமற்றதென நம்பிவிடலாகாது. 2020-இல் அமெரிக்காவின் ஹார்பர் ஃப்ரெய்ட் என்னும் வணிக நிறுவனம் தான் விற்ற கால்களின் பற்கள் சரிவரப் பற்றாமல் நழுவக்கூடும் எனக் கண்டு, பல இலட்சக்கணக்கான கால்களைத் திரும்பப் பெற்றது. ஆகவே, பற்கள் முழுதும் பொருந்தினவா என ஒவ்வொரு முறையும் கண்ணாற் காணுதலும், கழற்றிய சக்கரத்தைக் காரின் அடியிற் படுக்கவைத்தலும் நலம். எல்லாம் தவறினும் அச்சக்கரம் ஒரு சாண் இடத்தையேனும் காக்கும்.

முட்டுக்கட்டையைக் குறித்தும் கூறல் வேண்டும். ஹேண்ட் பிரேக்கு இழுத்துவிட்டேன் என்று மகிழ்வோர் பலர். பெரும்பாலான கார்களில் அது பின்சக்கரங்களையே பற்றும். பின்புறத்தை உயர்த்திய பொழுது அப்பிடிப்பினால் வரும் பயன் யாது? அப்பொழுது, முன்சக்கரங்களால் ஓடும் காராயின், கியரில் நிறுத்தியதே அதனைப் பிடிக்கும். முன்புறத்தை உயர்த்தினாலோ கியர் பயன்படாது. ஹேண்ட் பிரேக்கே பிடிக்கும். இக்குழப்பமெல்லாம் தீர, தரையில் நிற்கும் சக்கரங்களின் முன்னும் பின்னும் முட்டுக்கட்டை வைத்தலே எளிய வழியாகும்.

கடையிற் சென்றவிடத்துச் சிலவற்றைச் சோதித்தல் நன்று. எத்தனை டன் என்பது கருவியின்மேலேயே பொறிக்கப்பட்டுள்ளதா? அளவிற்கு மிஞ்சிய பாரம் ஏற்றினால் உயர மறுக்கும் காப்பு வாயில் உண்டா? வெல்டு வைத்த மூட்டுகள் சீராக உள்ளனவா? இறக்கும் திருகினை மெல்லத் திருப்பினால் கை மெல்ல இறங்குகின்றதா, திடீரென விழுகின்றதா? தேய்ந்த வளையத்தை மாற்ற உதிரிப் பொருள் கிடைக்குமா? பழைய ஜாக்கியாயின், பாரத்தை ஏற்றிச் சிறிது நேரம் நிறுத்தித் தாழ்கின்றதா என நோக்குக. எண்ணெய் ஈரம் தென்படின் வாங்காது விடுக.

நண்பர்காள், இவ்வளவும் ஒரு சிறு இரும்புக் கருவிக்காக வேண்டுமோ எனக் கேட்கலாம். காரின்கீழ் மல்லாந்து படுப்பவன் பெரும்பாலும் அக்காரினால் உண்பவன். அவன் மனைவி மக்கள் அவனையே நம்பி வீட்டினுள் இருப்பர். தாங்கு கால்கள் இரண்டின் விலை ஒரு புது டயரின் விலைக்கு மேற்படாது. வீட்டில் தந்தையரோ, தமையன்மாரோ, அண்டை வீட்டு ஓட்டுநரோ இப்பணி செய்யக் காணின், நம்மில் ஒருவன் கால்கள் இரண்டினையும் முட்டுக்கட்டையையும் எடுத்து வந்து, “இவற்றை வைத்துவிட்டுப் படுங்கள்” எனப் பணிவோடு கூறுவானாயின், அவன் கற்ற கல்விக்கு அது தக்க பயனாகும்.