டிரம்ஸ் பதிவு செய்ய எத்தனை மைக் வேண்டும்?

டிரம்ஸ் ஒரு பெரிய கூட்டுக் குடும்பம்! காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்தான் வீட்டுப் பெரியவர். முழங்கால்களுக்கு நடுவே இருக்கும் சிறிய ஸ்னேர் டிரம், படபடவென்று பேசும் பேர்வழி. டாம் டிரம்கள் இரண்டு மூன்று உண்டு. சுற்றிலும் சிம்பல் என்னும் தட்டுகள். இவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவார்கள்.

இத்தனை பேரின் குரலையும் வீட்டில் பதிவு செய்வது எப்படி?

ஆளுக்கு ஒரு மைக் வேண்டும் என்று பல இளைஞர்கள் நினைக்கிறார்கள். 8 மைக்குகள் அடங்கிய மலிவான பெட்டி ஒன்றை வாங்கி விடுகிறார்கள். பிறகுதான் செலவு ஆரம்பமாகிறது. 8 மைக்குக்கு 8 வயர் வேண்டும். நிறுத்தி வைக்க ஸ்டாண்டுகள் வேண்டும். மைக்கைக் கம்ப்யூட்டரோடு இணைக்கும் கருவியிலும் 8 இணைப்புகள் வேண்டும். கடைசியில், மைக் விலையை விட இவற்றின் விலை அதிகமாகி விடும்!

இவ்வளவு செலவு தேவைதானா?

மூன்றே மைக்!

1968-ம் ஆண்டு. லண்டன் நகரின் ஒலிம்பிக் ஸ்டூடியோ. லெட் செப்பலின் என்ற இசைக் கோஷ்டியின் முதல் இசைத்தட்டு அங்கே பதிவாயிற்று. டிரம்ஸ் வாசித்தவர் ஜான் போனம். இடி போல் அடிப்பவர் என்று பெயர் வாங்கியவர்.

ஒலிப்பதிவு செய்தவர் கிளின் ஜான்ஸ். அவர் பல மைக்குகளை அடுக்கவில்லை. பேஸ் டிரம்முக்கு முன்னால் ஒன்று, தலைக்கு மேலே ஒன்று, வலது பக்கம் தரையில் நிற்கும் டாம் டிரம்முக்கு அருகே ஒன்று. அவ்வளவுதான். இன்று உலகம் எங்கும் இந்த முறை அவர் பெயராலேயே வழங்குகிறது. இப்போது சிலர் ஸ்னேருக்கு 4-வது மைக் ஒன்றும் வைப்பது உண்டு.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேலே உள்ள மைக்கும் பக்கத்து மைக்கும் ஸ்னேரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும். ஒரு நூலை எடுத்து அளந்தால் போதும். ஏன் இந்த அளவு? ஒலி வினாடிக்குச் சுமார் 343 மீட்டர் ஓடுகிறது. ஒரு மைக்குக்கு முன்னும், மற்றொன்றுக்குப் பின்னுமாக ஒலி வந்து சேர்ந்தால், இரண்டு பதிவுகளும் ஒன்றை ஒன்று அழிக்கும். அடியின் கனம் போய்விடும்.

ஜனாதிபதியின் மைக்

மைக்கில் முக்கியமாக இரண்டு ரகம் உண்டு.

ஒன்று டைனமிக். காந்தத்தின் நடுவே சிறு கம்பிச்சுருள் அசைந்து மின்சாரத்தை உண்டாக்கும். பலத்த சத்தத்தைத் தாங்கும். கீழே விழுந்தாலும் எளிதில் கெடாது. பேஸ் டிரம்முக்கும் ஸ்னேருக்கும் ஏற்றது.

மற்றொன்று கண்டென்சர். சிம்பலின் மெல்லிய ஓசையையும் பிடிக்கும். மேலே வைக்க ஏற்றது. ஆனால் வெளியிலிருந்து மின்சாரம் தர வேண்டும். பெரும்பாலும் 48 வோல்ட். இணைக்கும் கருவியில் அந்த வசதி உண்டா என்று பார்த்து வாங்க வேண்டும்.

டைனமிக் ரகத்தில் புகழ் பெற்றது, அமெரிக்காவின் ஷூர் கம்பெனி 1965-ம் ஆண்டு வெளியிட்ட எஸ்.எம்.57. அமெரிக்க ஜனாதிபதிகள் பேசும் மேடையில் பல ஆண்டுகளாக இருப்பதும், ஸ்னேருக்குப் பக்கத்தில் இருப்பதும் இதே மைக்தான்! அமெரிக்காவில் இதன் விலை சுமார் 100 டாலர். போலிகளும் உலவுகின்றன. நம்பகமான கடையில் வாங்குவதே நல்லது.

படிக்கட்டில் தொங்கிய மைக்

மைக்கை விடப் பெரிய விஷயம், வாசிக்கும் இடம்.

இங்கிலாந்தில் ஹெட்லி கிரேஞ்ச் என்ற பழைய கட்டடம் உண்டு. 1795-ம் ஆண்டு ஏழைகளுக்கான விடுதியாகக் கட்டப்பட்டது. கிளின் ஜான்ஸின் தம்பி ஆண்டி ஜான்ஸ், அங்கே படிக்கட்டு உள்ள கூடத்தில் போனமின் டிரம்ஸை வைத்தார். மேலேயிருந்து இரண்டு மைக்குகளைத் தொங்க விட்டார். அந்த மைக்குகள் உயர்ந்த ரகம்தான். ஆனால் அந்த முழக்கத்தைக் கொடுத்தது கூடம்! அந்தப் பாட்டு 1971-ம் ஆண்டு வெளிவந்தது.

எதை முதலில் வாங்குவது?

இரண்டு மைக்கோடு தொடங்கலாம். மேலே ஒரு கண்டென்சர், பேஸ் டிரம்முக்கு ஒரு டைனமிக். பணம் சேர்ந்ததும் மேலே உள்ளதைப் போலவே இன்னொன்று. கடைசியில் ஸ்னேருக்கு ஒன்று.

அதற்கு முன்னால், தேய்ந்த டிரம் தோலை மாற்றிச் சுருதி கூட்ட வேண்டும். தரையில் ஜமுக்காளம் விரிக்கலாம். பேஸ் டிரம்முக்குள் ஒரு பழைய போர்வையை வைக்கலாம்.

ஒரு மைக்கை இரவல் வாங்கி, ஒரே தாளத்தை மூன்று இடங்களில் வைத்துப் பதிவு செய்யுங்கள். மறுநாள் காலையில் கேட்டுப் பாருங்கள். எந்த இடம் நன்றாக இருக்கிறது என்று காது சொல்லும். அதன் பிறகு பணப்பையைத் திறக்கலாம்!