பைத்தான் முதலில் எங்கே தேடுகிறது?

பைத்தான் கணினிமொழியைப் புதிதாகக் கற்கும் மாணவர்கள் பலர் ஒருமுறையாவது இந்தச் சிக்கலில் மாட்டிக்கொள்வதுண்டு. நிரலில் எழுத்துப் பிழை ஏதும் இருக்காது. ஆனாலும் அது இயங்க மறுக்கும்.

எண்ணை ஊகிக்கும் விளையாட்டை எழுதும் மாணவர், தமது கோப்புக்கு ‘ரேண்டம்’ என்று பெயரிடுவதாக வைத்துக்கொள்வோம். பைத்தானுடன் வரும் ‘ரேண்டம்’ மாட்யூலை அவர் அழைக்கும்போது, அதற்குப் பதிலாக அவருடைய கோப்பே வந்து நிற்கும். அதில் எண்களை உருவாக்கும் வசதி இல்லாததால் பிழைச்செய்தி தோன்றும்.

பைத்தான் ஒரு வரிசைப்படி தேடுவதே இதற்குக் காரணம். முதலில், நிரல் இருக்கும் கோப்புறை. அடுத்து, ‘பைத்தான்பாத்’ அமைப்பில் பயனாளர் குறிப்பிட்ட இடங்கள். பிறகு, பைத்தானுடன் வரும் நூலகம். கடைசியாக, தனியே நிறுவப்பட்ட மாட்யூல்கள் இருக்கும் கோப்புறை. கேட்ட பெயர் எங்கு முதலில் கிடைக்கிறதோ, தேடல் அங்கேயே முடிந்துவிடும்.

இந்த வரிசையை ‘சிஸ்.பாத்’ என்ற பட்டியலை அச்சிட்டுப் பார்க்கலாம். 2024ல் வெளிவந்த பைத்தான் 3.13 பதிப்பு, இத்தகைய பெயர் மோதல் நேரும்போது கோப்பின் பெயரை மாற்றும்படி பிழைச்செய்தியிலேயே ஆலோசனை கூறுகிறது.

இது பாதுகாப்பு தொடர்பான விஷயமும்கூட. பதிவிறக்கக் கோப்புறையில் வைத்து ஒரு நிரலை இயக்கினால், அங்கே அதே பெயரில் கிடக்கும் தீய கோப்பும் இயங்கிவிடக்கூடும். இதேபோன்ற ஆபத்தைக் கருதியே பெர்ல் கணினிமொழி, 2017ல் வெளியான 5.26 பதிப்பில், நடப்புக் கோப்புறையைத் தன் தேடல் பட்டியலிலிருந்து நீக்கியது. பைத்தானில் நிரலின் கோப்புறையைத் தவிர்க்கும் தெரிவு, 2022ல் வெளியான 3.11 பதிப்பில் அறிமுகமானது.

சொந்த மாட்யூல்கள் வேறு கோப்புறையில் இருந்தால், அந்த இடத்தை ‘பைத்தான்பாத்’தில் சேர்க்கலாம். ஆனால், அதை நிரந்தரமாக அமைத்துவிட்டால் அந்தக் கணினியில் இயங்கும் மற்ற பைத்தான் நிரல்களும் அங்கே தேடத் தொடங்கும். ஒரு திட்டப்பணிக்காகச் செய்த மாற்றம் இன்னொன்றைக் கெடுக்கக்கூடும்.

ஒவ்வொரு திட்டப்பணிக்கும் ‘வென்வ்’ வசதிமூலம் தனிச்சூழலை உருவாக்குவது பாதுகாப்பான வழி. அது பைத்தானுடனேயே வருகிறது, கட்டணமில்லை. ஆனால், தனிச்சூழலிலும் நிரலின் கோப்புறையே முதலில் தேடப்படும். எனவே, கோப்புக்குப் பெயர் சூட்டும்போது கவனம் தேவை.