லாரி ஓட்டுநரின் பயிற்சி: செலவை ஏற்பவர் யார்?

நாடு விடுதலை பெற்ற காலத்தில் சரக்குப் போக்குவரத்தின் பெரும்பகுதி ரயில்வேயையே சார்ந்திருந்தது. அந்நிலை இன்று அடியோடு மாறிவிட்டது. நிதி ஆயோக் 2022ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கையொன்றின்படி உள்நாட்டுச் சரக்கில் சுமார் 70 சதவிகிதம் சாலை வழியாகச் செல்கிறது. சாலைகளில் ஓடும் லாரிகள் ஏறத்தாழ 40 லட்சம். 2050ஆம் ஆண்டளவில் இவை 1 கோடியே 70 லட்சமாகப் பெருகக்கூடும் என்றும் அவ்வறிக்கை மதிப்பிடுகிறது. நெடுஞ்சாலைகளுக்கும் வாகனத் தொழிற்சாலைகளுக்கும் இடப்படும் முதலீடு உரிய கணக்குகளில் இடம் பெறுகிறது. அவ்வாகனங்களைச் செலுத்தும் மனிதரைத் தயார் செய்ய ஆகும் செலவோ எளிதில் கண்ணுக்குப் புலப்படுவதில்லை. நெடுங்காலமாக அச்செலவைப் பயிற்சி பெறும் இளைஞனே தன் மலிவான உழைப்பின் மூலம் செலுத்தி வந்திருக்கிறான். மீதத்தைச் சாலையில் செல்லும் பிறர் விபத்துகளின் வடிவில் செலுத்தி வந்திருக்கிறார்கள்.

உஸ்தாதும் கலாசியும்

வட இந்திய நெடுஞ்சாலைகளில் லாரி ஓட்டுநரை அவருடைய உதவியாள் 'உஸ்தாத்' என்று அழைப்பது வழக்கம். ஆசான் என்பது அச்சொல்லின் பொருள். உதவியாளுக்குக் 'கலாசி' என்று பெயர். தென்னாட்டில் அவனே 'கிளீனர்'. நம் நாட்டின் லாரி ஓட்டுநர்களில் பல தலைமுறையினர் இந்த ஆசான்–மாணவன் உறவின் மூலமே உருவானவர்கள். இதற்கு விண்ணப்பமோ நேர்முகத் தேர்வோ கிடையாது. ஓட்டுநரின் உறவினனாகவோ ஊர்க்காரனாகவோ இருப்பதே தகுதி. உணவும் சிறு தொகையுமே ஊதியம். பயிற்சிக் காலம் இவ்வளவு என்ற வரையறை இல்லை. உஸ்தாத் மனம் வைக்கும்போது அது முடிவுறும்.

தொடக்க மாதங்களில் புதியவன் ஸ்டியரிங்கைத் தொடுவதே இல்லை. பொழுது புலருமுன் எழுந்து, இரும்புக் கம்பியால் ஒவ்வொரு டயரையும் தட்டிப் பார்ப்பது அவனுடைய முதற் பாடம். காற்று நிறைந்த டயரின் ஓசை கணீரென்று இருக்கும். காற்றிறங்கிய டயரின் ஓசை மந்தமாக இருக்கும். பின்புறத்தின் இரட்டைச் சக்கரங்களுக்கிடையே கல் சிக்கியிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். ரேடியேட்டரில் நீர், எஞ்சினில் எண்ணெய், பிரேக்குக்கான காற்றுத் தொட்டியில் தேங்கிய ஈரத்தை வெளியேற்றுதல் என்று வேலைகள் தொடரும். சரிவில் வண்டி நின்றால் கட்டையுடன் கீழே குதித்துச் சக்கரத்துக்கு முட்டுக் கொடுப்பவனும் அவனே.

நம் வாகனங்களில் ஓட்டுநர் வலப்புறம் அமர்வதால், இடப்பக்கத்தில் வண்டியை ஒட்டி வரும் சைக்கிளோ நடந்து செல்பவரோ அவர் கண்ணில் படாமல் போகலாம். அப்பக்கத்துக்குக் கண்ணாக இருப்பவன் கிளீனர். தலையை வெளியே நீட்டிக் கதவைத் தட்டி அவன் தரும் ஓசையே குறுகிய தெருக்களிலும் சரக்குக் கிடங்குகளிலும் ஓட்டுநருக்கு வழிகாட்டி. இவ்வாறு மாதக்கணக்கில் வண்டியின் நீள அகலங்களை இடப்புறத்திலிருந்து அளந்து பழகியவனுக்குப் பின்னர் வலப்புறத்தில் அமரும்போது அவ்வளவு தடுமாற்றம் ஏற்படுவதில்லை. எந்தப் பாடநூலிலும் இதற்கு ஈடான பயிற்சி இருப்பதாகத் தெரியவில்லை.

அடுத்தது சரக்கைப் பற்றிய அறிவு. பஞ்சுப் பொதி உயரமாக நின்று காற்றில் ஆட்டம் தரும். இரும்புச் சுருள் தாழ்வாக இருப்பினும், கட்டு தளர்ந்தால் ஓட்டுநர் அறையையே நசுக்கிவிடும். பாதி நிரம்பிய டாங்கர் லாரியில் உள்ளிருக்கும் திரவம் முன்னும் பின்னும் மோதுவதால், பிரேக் போட்ட பின்னரும் வண்டி முன்னோக்கித் தள்ளப்படும். தார்ப்பாய் விரித்துக் கயிற்றை முடிச்சிடும் கையே இவ்வேறுபாடுகளை உணர்ந்துகொள்கிறது.

வண்டியை ஓட்டும் பயிற்சி படிப்படியாக வருகிறது. முதலில் கிடங்கின் வளாகத்துக்குள் வண்டியை நகர்த்துதல். பின்னர் வெற்று லாரியை விடியற்காலையில் நேரான சாலையில் சிறிது தூரம் செலுத்துதல். அதன் பின்னரே பாரம் ஏற்றிய வண்டி. கடைசியாக இரவுப் பயணமும் மலைச்சாலையும். பழைய லாரிகளில் கியர் மாற்றும்போது கிளட்சை இருமுறை மிதித்து, எஞ்சின் வேகத்தைப் பற்சக்கர வேகத்துடன் பொருத்த வேண்டியிருந்தது. தவறினால் எழும் கரகரப்பே உஸ்தாதின் வசவுக்கு முன்னுரை. இன்றைய கியர் பெட்டிகள் இத்தொல்லையைப் பெரும்பாலும் நீக்கிவிட்டன. பாரத்தின் தன்மையை எந்த இயந்திரமும் நீக்கவில்லை.

மலைச்சாலைச் சோதனை

மும்பை–புணே மார்க்கத்திலுள்ள போர் காட் மலைச்சாலை இதற்குத் தக்க சான்று. கடல்மட்டத்துக்குச் சுமார் 600 மீட்டர் உயரத்திலுள்ள லோனாவாலாவிலிருந்து, அடிவாரத்திலுள்ள கோப்போலிக்குச் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் சாலை இறங்கிவிடுகிறது. 2018ஆம் ஆண்டு மூன்று அச்சு லாரியின் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 25 டன்னிலிருந்து 28.5 டன்னாக உயர்த்தப்பட்டது. அத்தகைய லாரி இச்சரிவில் இறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் முழுவதும் வெப்பமாக மாறினால், 400 லிட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. இவ்வெப்பத்தைப் பிரேக்குகள் மட்டுமே ஏற்க நேர்ந்தால் அவை சூடேறிப் பிடிப்பை இழந்துவிடும். எனவே குறைந்த கியரில், எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்துமாறு இறங்க வேண்டும் என்பது விதி. ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ அதே கியரில் இறங்கு என்று உஸ்தாத்கள் இதனைச் சுருங்கச் சொல்வர்.

ஆயினும் அதே உஸ்தாத்களில் சிலர் இதற்கு நேர்மாறான ஒன்றையும் கற்றுத் தருகிறார்கள். இறக்கத்தில் கியரை நியூட்ரலில் விட்டு வண்டியைத் தானாக ஓட விடுவதே அது. இதன் காரணம் அறியாமை மட்டும் என்று எண்ணிவிடலாகாது. பல இடங்களில் ஒரு பயணத்துக்கு இவ்வளவு டீசல் என்று உரிமையாளர் கணக்கிட்டுத் தருகிறார். மிச்சப்படும் டீசல் ஓட்டுநரின் வருமானம். இறக்கத்தில் மிச்சமாகும் சில லிட்டர்கள் அவருடைய குடும்பச் செலவுக்கு உதவுகின்றன. நியூட்ரலில் ஓடும் வண்டியின் எஞ்சின் நின்றுபோனாலோ, பிரேக்குக்குக் காற்று தரும் கம்பிரஸரும் நின்றுவிடும். இரண்டு மூன்று முறை மிதித்தபின் காற்றழுத்த மானியின் முள் இறங்கத் தொடங்கும். அருகில் அமர்ந்திருக்கும் கலாசி இவ்வழக்கத்தையும் திறமையின் ஓர் அங்கமாகவே மனத்தில் பதித்துக்கொள்கிறான்.

சாலைப் பள்ளியின் குறை இதுதான். நல்ல ஆசானின் நுட்பத்தையும் தவறான ஆசானின் பழக்கத்தையும் அது வேறுபாடின்றி அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுகிறது. தூக்கத்தை வெல்லும் வழிகள், கண்பரிசோதனையைத் தட்டிக்கழித்தல், தூரத்து விளக்கை அணைக்காமல் எதிரே வருபவரைக் கூசச் செய்தல் ஆகியவையும் இப்பாடத்திட்டத்தில் அடங்கும். 2022ஆம் ஆண்டில் நாட்டின் சாலை விபத்துகளில் உயிரிழந்தோர் 1,68,491 பேர். இவற்றுக்கெல்லாம் லாரி ஓட்டுநரே காரணம் என்று கூறுவது நியாயமாகாது. உயிரிழந்தோரில் அவர்களும் அடங்குவர். எனினும் எடை மிகுந்த வண்டியில் நேரும் சிறு பிழை பிறருக்கு விளைவிக்கும் தீங்கு அதிகம்.

சட்டத்தின் கண்ணோட்டம்

1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் இந்தப் பள்ளியை அங்கீகரிப்பதில்லை. 18 வயது நிறைந்தவர் இலகு ரக வாகன உரிமம் பெறலாம். போக்குவரத்து வாகனம் ஓட்ட 20 வயது நிறைந்திருக்க வேண்டும்; அதற்கான பழகுநர் உரிமம் பெற, இலகு ரக உரிமத்தை ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும். பழகும்போது உரிமம் பெற்ற பயிற்றுநர் அருகில் இருத்தல் அவசியம். உரிமம் இல்லாதவரிடம் வண்டியை ஒப்படைக்கும் உரிமையாளருக்கான அபராதத்தை 2019ஆம் ஆண்டுத் திருத்தம் 5,000 ரூபாயாக உயர்த்தியது. மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கும் இடமுண்டு. விடியற்காலையில் வெற்று லாரியை ஓட்டிப் பழகும் கலாசிகளில் பலர் சட்டப்படி குற்றம் புரிபவர்களே.

கல்வித் தகுதியிலும் மாற்றம் வந்துள்ளது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்றிருந்த விதி 2019ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. எழுத்தறிவு குறைந்த, ஆனால் தொழில் தெரிந்த பலருக்கு இது வாயிலைத் திறந்தது. அதே வேளையில், பயிற்சியின் தரமே இனிக் காவலாக நிற்க வேண்டும் என்ற நிலையையும் ஏற்படுத்தியது.

இக்குறையை நிரப்பும் நோக்குடன் அங்கீகரிக்கப்பட்ட ஓட்டுநர் பயிற்சி மையங்களுக்கான விதிகள் 2021 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தன. கனரக வாகனப் பயிற்சிக்கு இரண்டு ஏக்கர் நிலம், ஓட்டுதள வசதி, சாலையைப் போன்ற தோற்றம் தரும் சிமுலேட்டர் ஆகியவை தேவை. ஆறு வாரத்துக்குள் 38 மணி நேரப் பயிற்சி அளிக்கப்பட வேண்டும். இங்கு தேர்ச்சி பெற்றவருக்கு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் ஓட்டுநர் தேர்விலிருந்து விலக்குண்டு. முன்பிருந்த நிலையுடன் ஒப்பிட இது பெரும் முன்னேற்றமே. ஆனால் 38 மணி நேரம் என்பது, நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் ஓடும் லாரியின் ஐந்து நாள் உழைப்புக்கும் குறைவு. பாரம் ஏற்றிய வண்டியில் ஒரு மழைக்காலத்தையோ ஒரு மலைச்சாலையையோ காணாமலேயே ஒருவர் முழு உரிமம் பெற இயலும்.

மறைந்துவரும் கிளீனர்

முறையான பள்ளி வேரூன்றுமுன் சாலைப் பள்ளி மூடப்பட்டு வருவதே கவலைக்குரிய செய்தி. தேசிய அனுமதி பெற்ற லாரியில் இரண்டு ஓட்டுநர்கள் இருக்க வேண்டும் என்ற விதி 2018ஆம் ஆண்டு நீக்கப்பட்டது. 2017இல் சரக்கு சேவை வரி வந்தபின் மாநில எல்லைகளில் வணிகவரிச் சோதனைச் சாவடிகள் அகற்றப்பட்டன. 2021 முதல் சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயமாயிற்று. காகிதங்களுடன் இறங்கி ஓடுவதற்கு ஆள் தேவையில்லை. டியூப் இல்லாத டயர்களும் நல்ல சாலைகளும் வழியில் ஏற்படும் பழுதைக் குறைத்தன. வாடகைப் போட்டியில் திணறும் உரிமையாளர், இரண்டாவது ஆளின் உணவுச் செலவை மிச்சப்படுத்த முற்படுவது இயல்பே. இதன் விளைவாக உஸ்தாதின் அருகிலுள்ள இருக்கை பல வண்டிகளில் காலியாக ஓடுகிறது.

இளைஞன் இப்போது வேறு வழியில் வருகிறான். 2005இல் டாடா ஏஸ் அறிமுகமான பின் பரவிய சிறு சரக்கு வண்டிகளே அவனுக்குத் தொடக்கப் பள்ளி. மொத்த எடை 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனத்தை இலகு ரக உரிமத்துடன் ஓட்டலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2024 நவம்பரில் உறுதி செய்தது. நகருக்குள் சிறு வண்டியில் பெற்ற அனுபவம் 28.5 டன் எடையுடன் இறங்கும் மலைச்சாலைக்கு எந்த அளவுக்கு உதவும் என்பது ஐயத்துக்குரியது.

பொருளாதாரச் சிக்கல்

நம் நாட்டு லாரித் தொழில் பெரும்பாலும் ஒன்றிரண்டு வண்டிகள் மட்டுமே உடைய சிறு உரிமையாளர்களின் கையில் உள்ளது. அவர்களில் ஒருவர் தம் செலவில் இளைஞனுக்கு ஓராண்டு பயிற்சி அளித்தால், பயிற்சி முடிந்ததும் சற்றே அதிக ஊதியம் தரும் இன்னொருவரிடம் அவன் சென்றுவிடக்கூடும். செலவு முன்னவருக்கு, பயன் பின்னவருக்கு. ஆகவே ஒவ்வொருவரும் பிறர் பயிற்றுவித்த ஓட்டுநருக்காகக் காத்திருக்கின்றனர். ஓட்டுநர் கிடைக்கவில்லை என்ற குறையும் எல்லோரிடமிருந்தும் எழுகிறது. பழைய முறையில் இச்சிக்கல் எழாததற்குக் காரணம், பயிற்சிக் காலம் முழுவதும் கலாசி மிகக் குறைந்த கூலிக்கு உழைத்து அச்செலவைத் தானே ஈடுசெய்ததுதான். இன்றைய இளைஞனுக்குக் கட்டட வேலையும் நகரங்களில் பொருள் விநியோக வேலையும் உடனடி வருமானம் தருகின்றன. மூன்றாண்டு காத்திருக்க அவனை எவரும் கட்டாயப்படுத்த இயலாது, கட்டாயப்படுத்தவும் கூடாது.

1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டம் இதற்கு விடையாகலாம் என்று தோன்றும். 2016இல் தொடங்கப்பட்ட தேசியத் தொழில் பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தின் கீழ் உதவித்தொகையில் ஒரு பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. ஆனால் அச்சட்டத்தின் விதிகள் பணியாளர் எண்ணிக்கையைக் கொண்டு அமைந்தவை. 30 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்துக்குக் கட்டாயம். நான்கு பேராவது இருந்தால் விருப்பம். ஒரு லாரி, ஓர் ஓட்டுநர் என்று நடத்தும் உரிமையாளர் இந்த வாயிலுக்கு வெளியே நிற்கிறார்.

தனித்தனி உரிமையாளருக்குப் பதிலாக, அவர்கள் கூடியுள்ள சங்கத்தையோ கூட்டுறவு அமைப்பையோ பயிற்சி தரும் அலகாக ஏற்பது ஆராயத்தக்கது. லாரித் தொழில் செறிந்துள்ள நாமக்கல்லில் தமிழக அரசும் அசோக் லேலண்ட் நிறுவனமும் இணைந்து 1995இல் பயிற்சி நிலையம் அமைத்தது, தொழில் குவிந்துள்ள இடத்திலேயே பள்ளியை நிறுவலாம் என்பதற்கு முன்னுதாரணம். அத்தகைய நிலையத்தில் 38 மணி நேரத்தை முடித்தவர், சங்க உறுப்பினர்களின் வண்டிகளில் சில மாதங்கள் இரண்டாம் ஓட்டுநராகச் செல்லலாம். பகல், இரவு, மழை, மலைச்சாலை என்று ஓட்டிய தூரத்தை ஒரு பதிவேட்டில் மூத்த ஓட்டுநர் கையொப்பமிட்டு வரலாம். உஸ்தாதுக்கும் இதற்கென ஒரு தொகை தரப்பட வேண்டும். இதுவரை அவர் இலவசமாகவே கற்பித்திருக்கிறார். விபத்து இழப்பீட்டின் சுமையைத் தாங்கும் காப்பீட்டு நிறுவனங்கள், இப்பதிவேடு உடைய ஓட்டுநர் செலுத்தும் வண்டிக்குப் பிரீமியத்தில் சலுகை அளித்தால், செலவின் ஒரு பகுதி உரிமையாளருக்கே திரும்பிவிடும். அச்சலுகை எவ்வளவு இருக்கலாம் என்பதை அந்நிறுவனங்களின் கைவசமுள்ள இழப்பீட்டுக் கோரிக்கைப் பதிவுகளைக் கொண்டே கணக்கிட முடியும்.