உங்களுக்குத் தெரியுமா? அஞ்சலட்டையில் டால்ஸ்டாய்

1908இல் யாஸ்னயா பொல்யானா பண்ணையில் ஒளிப்படக் கலைஞர் புரோகுதின்-கோர்ஸ்கி எடுத்த லியோ டால்ஸ்டாயின் வண்ணப்படம் அஞ்சலட்டையாகவும் அச்சாகிப் பரவியது. சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள் வழியே அடுத்தடுத்து மூன்று முறை பதிவுசெய்த படம் அது. அசையாமல் உட்காரவைத்து எடுத்த படம் எப்படி வரலாற்றுச் சான்றாகும் என்று கேட்கலாம். எழுத்தாளரின் அன்றாடத்துக்கு அது சான்றல்லதான்; அவர் முகம் யார் யார் கைக்குப் போனது என்பதற்கு அட்டையின் பின்பக்கமே சான்று. ஓர் அட்டையின் காலத்தையும் பின்பக்கம் சொல்லும்: செய்தியையும் முகவரியையும் ஒரே பக்கத்தில் எழுத பிரிட்டன் 1902இல்தான் அனுமதித்தது. இரண்டையும் பிரிக்க நடுக்கோடிட்ட பிரிட்டிஷ் அட்டை அதற்கு முந்தியதாக இருக்காது. பழைய படங்களைப் பின்னாளில் மறு அச்சிட்டிருக்கலாமே என்றால், தபால் முத்திரையின் தேதிக்குப் பிறகு அச்சானதாக அந்த அட்டை இருக்க முடியாது. எனவே சேகரிப்பவர்கள் ஒதுக்கும் எழுதிக் கசங்கிய அட்டைதான், புத்தம்புது அட்டையைவிட அதிகம் சொல்லும்.