உறை மாறினால் பெறுமதி மாறுமா?

அமெரிக்க நாட்டிலே பழைய நாணயஞ் சேர்ப்போர், தம் நாணயங்களை நிறுவனங்களுக்கு அனுப்பித் தரவெண் பெறுவர். 1949ஆம் ஆண்டில் வில்லியம் ஷெல்டன் என்பார் பழைய செப்புச் சதங்களுக்கென வகுத்த, 1 முதல் 70 வரையான அளவுகோலின் வழிவந்ததே அவ்வெண். பீ.சீ.ஜீ.எஸ். நிறுவனம் 1986இலும், என்.ஜீ.சீ. நிறுவனம் 1987இலும் இப்பணியைத் தொடங்கின. தரமிட்ட நாணயம் ஒளி ஊடுருவும் பிளாஸ்ரிக் உறையில் இட்டு மூடப்படும்.

ஒரே தரவெண் பெற்ற நாணயங்களும் நிறுவனத்துக்கேற்ப வெவ்வேறு விலை போவதுண்டு. ஆதலின், தந்தை விட்டுச் சென்ற வெள்ளி டொலரை விற்க எண்ணும் பிள்ளைகளுக்கு, அதனை வேறொரு நிறுவனத்துக்கு அனுப்பிப் பார்க்கும் ஆசை எழுகின்றது.

இதற்கு வழிகள் இரண்டு. வேண்டிய குறைந்தபட்சத் தரத்தைக் குறித்து, உறையோடு அனுப்புதல் ஒன்று. அத்தரம் கிட்டாவிடின் நாணயம் பழைய உறையிலேயே திரும்பும், கட்டணந் திரும்பாது. உறையை உடைத்து அனுப்புதல் மற்றது. இதிலே தரம் உயரவுங் கூடும், தாழவுங் கூடும். முன்பு துலக்கப்பட்ட நாணயமென்று கண்டால் தரவெண்ணே கிடையாது போகலாம். பழைய நிறுவனத்தின் உத்தரவாதமும் உறையோடு நீங்கிவிடும்.

ஆகவே, கட்டணம், தபாற்செலவு, காப்புறுதி யாவற்றையுங் கூட்டி, எதிர்பார்க்கும் விலையேற்றத்தோடு ஒப்பிட்டபின் முடிவு செய்தலே அறிவுடைமை. விற்கும் எண்ணமில்லாதவர்க்கோ இச்செலவு வீண். தரவெண் என்பது வல்லுநரின் கருத்தே. நாணயத்தின் கீறலும் பொலிவும் உறை மாறுவதால் மாறுவதில்லை.