ஜப்பானைச் சிரிக்க வைத்த சசாயே!

ஜப்பானியர் படக்கதையை "மங்கா" என்று அழைக்கிறார்கள். சிறுவர்கள் மட்டுமல்ல, பெரியவர்களும் அதை விரும்பிப் படிக்கிறார்கள். மங்காவில் வீரர்கள் உண்டு, பூதங்கள் உண்டு, இயந்திர மனிதர்களும் உண்டு.

ஆனால், ஜப்பானியர் தங்கள் வீட்டுப் பெண்ணாகவே நினைத்துக் கொண்டாடும் ஒருத்தியிடம் வாளும் இல்லை, மந்திரமும் இல்லை. அவள் ஒரு சாதாரணக் குடும்பப் பெண். கொஞ்சம் அவசரக்காரி. அவள் பெயர் சசாயே.

அவளைப் படைத்தவரும் ஒரு பெண்தான். அவர் பெயர் மச்சிகோ ஹசேகவா.

பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார்

மச்சிகோ 1920-ம் ஆண்டு பிறந்தார். பதின்மூன்று வயதில் தந்தையை இழந்தார். தாயார் மூன்று பெண்களையும் அழைத்துக் கொண்டு, 1934-ல் டோக்கியோ நகரில் குடியேறினார்.

அந்த நாளில் ஒரு நாய் பட்டாளத்தில் சேரும் வேடிக்கைக் கதையைப் படமாக வரைந்து புகழ் பெற்றவர், சுய்ஹோ டகாவா என்ற ஓவியர். அவரிடம் மச்சிகோ மாணவியாகச் சேர்ந்தார். பதினைந்தாவது வயதிலேயே அவருடைய படக்கதை பத்திரிகையில் வந்து விட்டது!

பிறகு போர் மூண்டது. 1944-ல் குடும்பம் டோக்கியோவை விட்டுப் புகுவோகா நகருக்குச் சென்றது. அங்கும் நிம்மதி இல்லை. 1945 ஜூன் மாதம் அந்த நகரத்தின் மீது விமானங்கள் குண்டு மாரி பொழிந்தன. இரண்டு மாதத்தில் ஜப்பான் சரண் அடைந்தது.

எங்கும் பஞ்சம். அரிசிக்கு ரேஷன். கள்ளச் சந்தையில் யானை விலை, குதிரை விலை! போர் முனைகளிலிருந்து லட்சக்கணக்கானவர்கள் வெறுங்கையோடு ஊர் திரும்பிக் கொண்டிருந்தார்கள்.

அந்த நேரத்தில்தான் "புகுனிச்சி" என்ற மாலைப் பத்திரிகை, தினம் ஒரு சிரிப்புப் படம் வரைந்து தரும்படி மச்சிகோவைக் கேட்டது. அப்போது அவருக்கு வயது இருபத்தாறு.

கடற்கரையில் கிடைத்த பெயர்கள்

வீட்டுக்குப் பக்கத்தில் மோமோச்சி கடற்கரை. தங்கையுடன் அங்கே உலாவும்போது மச்சிகோவுக்கு யோசனை உதித்தது. கதையில் வரும் எல்லோருக்கும் கடலிலிருந்தே பெயர் வைத்தார்.

"சசாயே" என்றால், சுருண்ட ஓடு உள்ள ஒரு கடல் நத்தை. அவளுடைய தம்பி கட்சுவோ. அது சூரை மீனின் பெயர். தங்கை வகாமே, அது கடற்பாசி. அப்பா பெயரில் அலை இருக்கிறது. அம்மாவின் பெயருக்குப் படகு என்று பொருள். பின்னால் வந்த கணவன் மாசுவோவுக்கும், குழந்தை தாராவுக்கும்கூட மீன் பெயர்கள்தான்!

1946 ஏப்ரல் 22-ந்தேதி முதல் படம் வெளியாயிற்று. அதற்குப் பன்னிரண்டு நாட்களுக்கு முன்புதான், ஜப்பானியப் பெண்கள் முதன் முதலாகப் பொதுத் தேர்தலில் ஓட்டுப் போட்டிருந்தார்கள். அந்தத் தேர்தலில் முப்பத்தொன்பது பெண்கள் வெற்றி பெற்றார்கள். வாய் திறந்து பேசும் சசாயேயைப் பார்த்ததும், "இவள் நம் காலத்துப் பெண்" என்று வாசகர்கள் கண்டு கொண்டார்கள்.

நான்கே கட்டங்கள்

சசாயேயின் கதை ஒரு நாளைக்கு நான்கே கட்டங்கள். மேலிருந்து கீழே படிக்க வேண்டும். முதல் கட்டத்தில் தொடக்கம். இரண்டாவதில் வளர்ச்சி. மூன்றாவதில் ஒரு திருப்பம். நான்காவதில் முடிவு.

இந்த முறையில் ஒரு கதையை இப்படி அமைக்கலாம். முதல் கட்டம்: தெருவில் நாலு பேர் வரிசையாக நிற்கிறார்கள். ஒரு பெண் ஓடிப் போய்ப் பின்னால் நிற்கிறாள். இரண்டாவது கட்டம்: அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் சேர்ந்து கொள்கிறார்கள். மூன்றாவது கட்டம்: "இங்கே என்ன கொடுக்கிறார்கள்?" என்று அவள் முன்னால் நிற்பவரைக் கேட்கிறாள். நான்காவது கட்டம்: முதல் ஆள் தன் செருப்பு வாரை மாட்டி முடித்து விட்டு, பேசாமல் நடையைக் கட்டுகிறார்!

இதைப் படிக்க அரை நிமிஷம் போதும். ஆனால் ரேஷன் வரிசையில் கால் கடுக்க நின்றவனுக்கு, அதில் தன் வாழ்க்கையே தெரியும்.

கோட்டின் திறமை

படத்தில் அலங்காரம் கிடையாது. கண்ணுக்கு ஒரு புள்ளி. வாய்க்கு ஒரு கோடு. சசாயேயின் தலையில் மூன்று உருண்டையாகக் கொண்டை. அப்பாவின் வழுக்கையில், உச்சியில் ஒரே ஒரு முடி! அந்த ஒற்றை முடியைக் கண்டாலே, அவர் யார் என்று குழந்தைகூடச் சொல்லி விடும்.

கோடு குறைவு என்பதால் வேலை சுலபம் என்று நினைக்கக் கூடாது. புருவம் சற்று உயர்ந்தால் கோபம். சற்று இறங்கினால் அசடு. கை சிறிது பிசகினாலும் சிரிப்பு ஓடி விடும். இது ஜப்பானுக்குப் பழைய கலை. ஹோகுசாய் என்ற பேரோவியர், 1814-ல் தாம் வெளியிட்ட படப் புத்தகத்துக்கே "மங்கா" என்று பெயரிட்டிருந்தார்.

வீட்டோடு மாப்பிள்ளை

சசாயேயின் கணவன் மாசுவோ, மாமனார் வீட்டிலேயே இருப்பவன். அதற்கு ஒரு காரணம் உண்டு. கல்யாணமானதும் இருவரும் தனியாக ஒரு வாடகை வீட்டில் குடியிருந்தார்கள். அடுப்பெரிக்க விறகு இல்லை. மாசுவோ ரம்பத்தை எடுத்தான். வீட்டு வேலியையே அறுக்கத் தொடங்கி விட்டான்! வீட்டுக்காரருக்குக் கோபம் வந்தது. அதனால் இருவரும் மூட்டை கட்ட வேண்டியதாயிற்று.

படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அந்தச் சிரிப்புக்குள், விறகில்லாமல் குளிரில் நடுங்கிய ஒரு நாடு இருக்கிறது. மச்சிகோ யாரையும் திட்டவில்லை. அழ வைக்கவும் இல்லை. இல்லாமையை மறைக்காமல் காட்டினார். அதற்குள்ளேயே சிரிக்கவும் இடம் கண்டுபிடித்தார். அதுதான் அவர் கலை.

கடை திருப்பி அனுப்பிய புத்தகம்

படங்களைப் புத்தகமாக்க, சகோதரிகள் சொந்தமாகவே ஒரு பதிப்பகம் தொடங்கினார்கள். அதற்குச் "சகோதரிகள் கம்பெனி" என்ற பொருளில் பெயர் வைத்தார்கள். முதல் புத்தகத்தை அகலவாட்டில் அச்சிட்டதால், கடைத் தட்டில் வைக்க வசதிப்படவில்லை. கட்டுக் கட்டாகத் திரும்பி வந்தன! ஆனாலும் அவர்கள் மனம் தளரவில்லை. அடுத்த புத்தகத்தைச் சிறிய அளவில் போட்டார்கள். அது நன்றாக விற்றது.

பின்னர் சசாயே, "அசாஹி" என்ற பெரிய பத்திரிகைக்குப் போனாள். 1974 பிப்ரவரி வரை அவள் கதை வந்தது. மொத்தம் ஆறாயிரத்துக்கும் அதிகமான படங்கள்!

1969 அக்டோபரில் டெலிவிஷனில் தொடங்கிய சசாயே கார்ட்டூன், ஞாயிறுதோறும் மாலையில் இன்றும் நடக்கிறது. உலகிலேயே மிக நீண்ட காலம் நடக்கும் டெலிவிஷன் கார்ட்டூன் என்று கின்னஸ் புத்தகத்திலும் ஏறி விட்டது. குழந்தை தாரா மட்டும் இன்னும் குழந்தைதான்!

மச்சிகோ திருமணம் செய்து கொள்ளவில்லை. 1992-ல் காலமானார். மறைந்த பின், ஜப்பான் அரசு அவருக்கு மக்கள் கௌரவ விருது அளித்தது.

ஒற்றை முடி போயிற்று!

டோக்கியோவில் அவர் வாழ்ந்த பகுதியில் சகுராஷின்மச்சி என்ற ரயில் நிலையம் இருக்கிறது. 2012-ல் அங்கே சசாயே குடும்பத்தாருக்குச் சிலை வைத்தார்கள். பிறகு, அப்பா சிலையின் உச்சியில் இருந்த ஒற்றை முடியை எவரோ பிடுங்கிக் கொண்டு போய் விட்டார்! புதிதாக முடி வைத்தார்கள். அதையும் விட்டு வைக்கவில்லை!

ஊரே பேசிச் சிரித்தது. எத்தனையோ பெரிய மனிதர்களுக்குச் சிலை இருக்கிறது. ஆனால், ஒரு முடி போனதற்கு ஊரே கவலைப்படுவது, வீட்டுப் பெரியவர் ஒருவருக்கு மட்டும்தானே!